ஒன்றுமில்லை என்று ஒரு முத்திரை

“அண்ணா, இந்தத் தீனமெல்லாம் ஒங்க காலத்துல கெடையாது, இல்லியா?” என்று கேட்டாள் பிந்து. எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல.

பிந்து எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவள். இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறாள். என் மச்சினருக்கு நடை தள்ளாடுகிறது என்று போன மாதம் அங்கே கொண்டுபோயிருந்தோம். திரையில் மூளையின் நடுவே இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். மூளையின் ஆழத்துக்குப் போகிற மிக மெல்லிய இரத்தக் குழாய்களில் வருகிற தீனமாம், அதாவது நோய். பிரஷர் வருஷக்கணக்கில் இடித்து இடித்துக் குழாயின் சுவர் தடித்துப்போகுமாம். சில இடத்தில் அடைக்கும், சில இடத்தில் ஒழுகும். பக்கவாதம் போலக் கையும் காலும் ஒரேயடியாக விழ வேண்டும் என்பதில்லை. நடை குறுகும், மூத்திரம் அடக்க முடியாது, கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமாகும், எதிலும் மனசில்லாமல் ஆள் சும்மா உட்கார்ந்திருப்பான். திட்டுக்குப் பூஜ்யம் முதல் மூன்று வரை மார்க் போடுகிறார்கள், கூடக்கூட மோசம். அடைப்பு முதலா, ஒழுக்கு முதலா என்று பெரிய தலைகள் இன்னும் சண்டை போடுகின்றனவாம். பிரஷரைப் பிடித்து வைக்க வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் சண்டை இல்லை.

சபாஷ். நல்ல விளக்கம். இதெல்லாம் எங்கள் காலத்தில் இல்லைதான். இல்லை என்று சொல்வதற்கு நாங்கள் ஒரு முத்திரையே செய்து வைத்திருந்தோமே!

பிந்துவின் தொழில் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். “பழைய அனுபவம் எதாவது எழுதித் தாங்க அண்ணா” என்கிறாள். பழைய அனுபவம் என்றால் இவர்களுக்கு இருட்டறையில் படம் கழுவியது, கரண்ட் போய் மெசின் நின்றது, மந்திரி திறப்பு விழாவுக்கு வந்தது. அதையெல்லாம் எழுத வேறு ஆளுண்டு. நான் இதை எழுதுகிறேன். அச்சில் போடத் தைரியம் இருந்தால் போடட்டும்.

நான் பாறசாலைக்குப் பக்கத்தில் பிறந்தவன். திருவனந்தபுரத்தில் இரண்டு வருஷம் எக்ஸ்ரே படித்தேன். கையை எப்படித் திருப்பி வைப்பது, நெஞ்சை எப்படிச் சாய்ப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். வாயை எப்போது திறப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதன் பிறகு நாலைந்து இடத்தில் எலும்பு முறிவு எடுத்து, தொண்ணூறுகளின் நடுவில் நெய்யாற்றின்கரையில் புதிதாகத் திறந்த ஒரு ஸ்கேன் சென்டருக்கு வந்து சேர்ந்தேன். அதன் பேர் வேண்டாம். இப்போது அங்கே ஜவுளிக்கடை. ஜவுளிக்கடைக்காரன் நல்லவன், கிழிந்த துணியை மடித்துக் காட்டி விற்பதில்லை.

சி.டி. ஸ்கேன் மெசின் எங்கேயோ வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து, பெயின்ட் அடித்து வந்தது. ஆனாலும் எங்கள் பக்கத்து ஜனத்துக்கு அது பெரிய அதிசயம். பூவார் முதல் ஆரியங்கோடு வரை தலை சுற்றினவன், சுற்றாதவன் எல்லாம் வந்து வரிசையில் உட்கார்ந்தான். கல்யாண வீட்டில் “எனக்க மண்டையப் படம் பிடிச்சாச்சு” என்று சொல்வது அன்றைக்கு ஒரு பெருமை.

எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர். நாங்கள் அவரை ‘வெண்ணெய்’ என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவோம். ஒருநாளும் குரல் உயர்த்திப் பேச மாட்டார். காலையில் பத்துமணிக்கு வெள்ளைக் காரில் வருவார், சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாயா குடிப்பார், கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காருவார். படம் பார்க்க விளக்குப் பெட்டி வாங்கி வைத்திருந்தோம். அதை அவர் தொட்டதே இல்லை. இரண்டு விரலால் படத்தின் மூலையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு படத்துக்கு மூன்று விநாடி. நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். நோயாளியை அவர் பார்ப்பதில்லை. பார்த்தால் கேள்வி கேட்பார்களாம்.

அவருக்குப் படம் ‘சுத்தமாக’ இருக்க வேண்டும். இந்த இடத்தில் எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மெசினின் மேசையில் இரண்டு திருகு உண்டு. ஒன்று படத்தின் வெளிச்சத்துக்கு. மற்றது சாம்பல் நிறங்களுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம் காட்ட வேண்டும் என்பதற்கு. அதை ஒடுக்கினால் சின்னச் சின்ன நிழல்கூடத் தெளிந்து வரும். விரித்தால் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். மெசின் பார்த்தது மெசினுக்குள் இருக்கும். படத்தில் எவ்வளவு விழ வேண்டும் என்பது திருகு பிடித்தவன் கையில். பிந்து காட்டிய வெள்ளைத் திட்டு எங்கள் மெசினில் கறுத்த புகை மாதிரி வரும். திருகை ஒடுக்கினால் அது தெரியும். விரித்தால் போகும்.

“சுகுமாரா,” என்பார் டாக்டர், அந்த வழுக்கும் குரலில், “வயசானவியளுக்கு நல்லா அகலத்துல எடு. வேண்டாத்த நெழலு எல்லாம் கண்டா அவிய பேடிப்பாவ. நமக்கு எதுக்கு?”

நமக்கு எதுக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேட்டிருப்பீர்கள். மறைக்கிற ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் அன்றைக்கு என்னைப் பார்த்திருக்கலாம். இடது கையால் திருகை விரித்துக்கொண்டே வலது கையால் அடுத்த ஆளின் பேரை எழுதுவேன்.

அன்றைக்கு டாக்டர் படிப்புப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது, அந்தப் புகையை வயசின் அடையாளம் என்றுதான் பலரும் நினைத்தார்கள் என்று டாக்டருக்காகப் பேச ஆளுண்டு. இருக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுத எந்தப் புத்தகம் தடுத்தது? திருகை விரி என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருந்தது?

அப்புறம் வந்தது முத்திரை. ஐம்பது தாண்டிய ஆட்களுக்கெல்லாம் ஒரே வரியை எழுதி எழுதி டாக்டருக்குக் கை வலித்துவிட்டதாம். கோர்ட்டுக்கு எதிரே வக்கீல்களுக்கு ரப்பர் முத்திரை செய்து கொடுக்கிறவனிடம் சொல்லி ஒன்று செய்வித்தார். ‘வயதுக்கேற்ற மாற்றங்கள். வேறொன்றுமில்லை.’ இங்கிலீஷில், ஊதா மையில். ‘வேறொன்றுமில்லை’ என்பதுமட்டும் கொட்டை எழுத்து.

ஆரியங்கோட்டிலிருந்து ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் வந்தார். வீட்டுக்குப் போகிற வழி மறந்துபோகிறது என்று மகன் கொண்டுவந்தான். முத்திரை விழுந்தது. மனுஷனுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் பெரிய ஏத்தன் வாழைக்குலை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து டாக்டருக்குக் கொடுத்தார். அதற்கு மறுநாளும் இன்னொரு குலையோடு வந்து நின்றார், “நேத்தே கொண்டு வரணும்ணு நெனச்சேன் சாறே, மறந்துபோச்சு” என்று. முந்தின நாள் கொண்டுவந்தது அவருக்கு ஓர்மையில் இல்லை. டாக்டர் அந்தக் குலையையும் வாங்கி வைத்துக்கொண்டார். நாங்கள் வறுத்துத் தின்றோம்.

இனி லாரன்ஸ்.

பூவாரில் வள்ளத்தின் பின்னால் அமரத்தில் நின்று திசை பிடிக்கிறவர். வயது ஐம்பத்தொன்று. மனைவி பிலோமினா அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். தரையில் காலை உரசி உரசி, ஒரு சாண் ஒரு சாணாக நடந்தார். “பேரென்ன?” என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மனசுக்குள் பன்னிரண்டு வரை எண்ணிவிட்டேன். அப்புறம் “லாரன்ஸ்” என்றார். மேசையில் ஏறுவதற்குள் கைலி நனைந்துவிட்டது. பிலோமினா தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்துத் தரையைத் துடைத்தாள்.

துடைத்துக்கொண்டே சொன்னாள்; அவர்களுக்குப் பள்ளி என்றால் மாதா கோயில், பள்ளியச்சன் அங்கத்துப் பாதிரியார். “சாறே, இவரு பதினோரு வருசமா ஒரு துள்ளி சாராயம் தொட்டதில்ல. பள்ளியில மாதாவுக்க முன்ன சத்தியம் செய்த ஆளாக்கும். இப்பம் இந்த நடையப் பாத்து ஊருல எல்லாவனும் வெள்ளமடிண்ணு பறையானுவ. மகளுக்குக் கல்யாணம் ஒறப்பிச்சிருக்கு. குடிகாரனுக்க மவள எடுக்க மாட்டோம்ணு செறுக்கன் வீட்டுல நிக்காவ. பள்ளியச்சன் பறஞ்சாரு, தீனம் உண்டுண்ணு டாக்டருக்க கையில இருந்து ஒரு கடலாசு எழுதி வாங்கிக்கிட்டு வா, மிச்சம் நான் பேசிக்கிடுதேன்ணு. அந்தக் கடலாசு மட்டும் மதி சாறே.”

“பிரஷர் உண்டா?”

“உண்டாயிருந்தது. பள்ளியில கேம்ப் வச்சப்பம் மாத்திரை தந்தாவ. அடுத்த கேம்புல பாத்தப்பம் நார்மலுண்ணு சொன்னாவ. அப்பம் நிறுத்தியாச்சு. மிச்சம் உள்ளத எனக்க தங்கச்சிக்குக் குடுத்தேன். அவளுக்கு எப்பளும் தலவேதனையாக்கும்.”

எங்கள் பக்கத்தில் பிரஷர் மாத்திரை கோயில் பிரசாதம் மாதிரிதான். கிடைத்தவன் கொஞ்சம் தின்றுவிட்டு மிச்சத்தைப் பங்கு வைப்பான். நார்மல் ஆனது மாத்திரையால்தான், நிறுத்தினால் திரும்ப ஏறும் என்று அவளிடம் யார் சொன்னார்கள்? நானும் சொல்லவில்லை. வரிசையில் இருபது பேர் இருந்தார்கள்.

அவர் தலையைப் பிடித்துப் பட்டை போட்டுக் கட்டினேன். அவர் வாய்க்கும் என் மூக்குக்கும் நடுவே ஒரு சாண். சாராய வாடையும் இல்லை, கள்ளு வாடையும் இல்லை. பீடி வாடைகூட இல்லை. மெசின் ஓடியது. அன்றைக்கு ஏனோ என் கை திருகை ஒடுக்கிவிட்டது. திரையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கறுத்த புகை. நடுவில் மிளகு மிளகாக ஓட்டைகள். எண்பது வயசுத் தலையிலும் நான் அவ்வளவு பார்த்ததில்லை. அதை அப்படியே படம் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கினார். மூன்று விநாடி.

“இதென்னடே சுகுமாரா, படத்த அழுக்காக்கி வச்சிருக்க?”

“சாறே, அம்பத்தொண்ணு வயசுதான். நடை போச்சு, மூத்திரம் போகுது. அவியளுக்கு ஒரு—”

“அம்பது கழிஞ்சாச்சில்லியா?”

“சாறே, ஓட்டை நெறைய உண்டு. குடியில்ல, தீனம்தாண்ணு ஒரு வரி எழுதினா…”

சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. கோபமே இல்லாத சிரிப்பு. “எடே, எனக்க நாற்காலியில நீ இருக்கியா? நான் வேணும்ணா மெசினுல நிக்கேன்.” சாயாவை ஒரு மடக்குக் குடித்தார். “வேற படம் போட்டுக் கொண்டு வா. நல்லா அகலத்துல.”

போய்த் திருகை விரித்தேன். வேறு படம் போட்டேன். எல்லாம் ஒரே சாம்பல், துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி. முத்திரை விழுந்தது. முதல் படத்தைக் கிழித்துப் போட மனசு வரவில்லை. எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுக்கத் தைரியமும் வரவில்லை. கீழே இழுப்பறை இருந்தது. அதில் போட்டு மூடினேன்.

பிலோமினா ரிப்போர்ட்டை என்னிடம்தான் நீட்டினாள். “என்ன எழுதியிருக்கு சாறே?”

“தலையில ஒண்ணும் இல்ல அக்கா. வயசுக்குள்ள மாற்றம் மட்டும்தான்.”

“ஒண்ணும் இல்லியா?”

“இல்ல.”

“நல்லா பாத்தியளா? சின்னதா எதாவது? கொஞ்சம் போலயாவது?”

“இல்ல அக்கா.”

சுவரில் சாய்ந்து அழுதாள். அந்த வேலையில் இருந்த காலமெல்லாம், ஒன்றுமில்லை என்ற சொல்லைக் கேட்டு அழுத ஒரே ஆள் அவள்தான். வரிசையில் இருந்த ஒரு மனுஷன், “ஒண்ணும் இல்லேண்ணு கேட்டா சந்தோசப்படாம, இவளுக்கு என்ன கேடு?” என்றான். லாரன்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.

மிச்சக் கதையை எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவருகிற ஸ்டெல்லா சொன்னாள். அவளும் பூவார்க்காரி.

“கேட்டியளா சாறே, ஒங்க மெசினுல வச்சுப் பாத்துட்டாவளாம், ஒண்ணும் இல்லியாம். அப்பம் குடிதானே? பள்ளிக் கமிட்டி கூடி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்ச ஒடனே லாரன்ச முட்டுகுத்த வச்சு, இனிக் குடிக்க மாட்டேண்ணு சத்தியம் செய்ய வச்சாவ. அச்சன் ஒரு வரி சொல்லுவாரு, இவரு திருப்பிச் சொல்லணும். சொல்ல வரேல்ல. வாயத் தொறந்துகிட்டே நிக்காரு. எல்லாரும் ஒரே சிரிப்பு. பாருங்கலே, சத்தியம் செய்யவே குடிச்சிட்டு வந்திருக்கான்ணு. முட்டுல இருந்து எழும்பவும் முடியேல்ல, ரெண்டு பேரு தூக்கி விட்டாவ. பிலோமினா அங்கயே நிண்ணு நெஞ்சில அடிச்சா. கல்யாணமும் மொடங்கிப் போச்சு. வள்ளத்துலயும் ஏத்த மாட்டேங்கானுவ. சாளை நல்லதாக்கும், எடுக்கட்டா?”

பதினோரு வருஷம் குடிக்காத மனுஷனை இனிக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வைத்த ஊர்! எனக்கு அந்தக் கமிட்டிக்காரர்கள் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. முட்டாள்கள், மூக்கை வைத்து மோந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்காதா என்று வீட்டில் கத்தினேன். கத்திவிட்டுச் சாளை வாங்கினேன். குழம்பு நன்றாக இருந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் வேலைக்குப் போய் அந்த இழுப்பறைக்கு முன்னால்தான் உட்கார்ந்தேன். திறக்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து ஒரு காலையில் ஜீப்பில் ஓர் ஆளைத் தூக்கிவந்தார்கள். தலைமாட்டில் பிலோமினா. லாரன்சுக்கு நினைவில்லை. பிரஷர் பார்த்த நர்ஸ், கருவி கெட்டுப்போயிருக்கிறதோ என்று இரண்டாவது தடவையும் பார்த்தாள். பிரஷர் மாத்திரையை யாரும் திரும்ப எழுதிக் கொடுத்திருக்கவில்லை. ஒன்றுமில்லாதவனுக்கு எதற்கு மாத்திரை? இந்தத் தடவை திருகு எந்தப் பக்கம் இருந்தாலும் மறையாது. மூளையின் ஆழத்தில், அந்த மிளகு ஓட்டைகள் இருந்த அதே இடத்தில், முட்டை அளவுக்கு இரத்தம்.

டாக்டர் வந்து படத்தைத் தூக்கினார். முதல் முறையாக மூன்று விநாடிக்கு மேல் பார்த்தார். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு ஒரு பக்கம் முழுக்கக் கைப்பட எழுதினார். பழைய ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்ல கையெழுத்து அவருக்கு.

அவசரத்தில் ரிப்போர்ட்டை வாங்காமல் போயிருந்தார்கள். மறுநாள் பகலில் பிலோமினா தனியாக வந்தாள். முந்தின நாள் கட்டிய அதே சேலை. கவுண்டரில் ரிப்போர்ட்டை வாங்கி என்னிடம் நீட்டி, “வாசிச்சுச் சொல்லணும்” என்றாள்.

“மூளையில ரத்தம் ஒழுகியிருக்கு அக்கா. பிரஷரால. சின்ன ரத்தக்கொழாயெல்லாம் கெட்டுப்போயிருக்கு. நாள்பட்ட தீனம்ணு போட்டிருக்கு.”

“தீனம் உண்டுண்ணு எழுதியிருக்கா?”

“எழுதியிருக்கு.”

“டாக்டரு எழுதினதா?”

“கைப்பட.”

அந்தக் கடலாசை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். “மாதாவே, உண்டுண்ணு எழுதியாச்சு. இனி நான் பள்ளியில கொண்டுபோயி எல்லாவனுக்க மொகத்துலயும் காட்டுவேன்” என்றாள். புருஷன் மூச்சுக்கு மல்லாடிக் கிடக்கிறான், இவள் முகத்தில் அப்படியொரு ஆறுதல். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இழுப்பறையைத் திறந்தேன். அந்தப் பழைய படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பெரிய நியாயம் செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. டாக்டரை மாட்டிவிடப் போகிறேன், இந்தப் பெண் என்னை வாழ்த்திவிட்டுப் போகப் போகிறாள் என்றெல்லாம் நினைத்தேன். வெட்கம் கெட்டவனுக்கு நினைப்புக்கு என்ன பஞ்சம்?

அவள் ஜன்னல் பக்கம் போய், டாக்டரைப் போலவே, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் மூலையில் இருந்த தேதி தெரிந்தது. எண் படிக்கத் தெரியும், காலண்டரில் நாளும் மாதமும் பார்த்துத்தான் மகளின் கல்யாணத்தைக் குறித்திருந்தார்கள். விரலை அதன் மேல் வைத்தாள்.

“இது அண்ணைக்கு எடுத்ததா?”

“ஆமா அக்கா.”

“இந்தக் கறுப்புதான் தீனமா?”

“ஆமா.”

“அண்ணைக்கே உண்டா?”

“உண்டு. நான் பறஞ்சேன். டாக்டருதான்—”

“டாக்டர நான் கண்டதே இல்லியே,” என்றாள். கத்தவில்லை. “ஒண்ணும் இல்லேண்ணு எனக்க மொகத்தப் பாத்துப் பறஞ்சது நீரில்லியா? மூணு தடவ கேட்டேனே.”

படத்தை என் மேசையில் வைத்தாள். “இது எனக்கு வேண்டாம். நீரே வச்சுக்கிடும்” என்று ரிப்போர்ட்டை மட்டும் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். பத்தாம் நாள் லாரன்ஸ் இறந்துபோனார் என்று ஸ்டெல்லா சொன்னாள். நான் அதன் பிறகும் அங்கே இரண்டு வருஷம் வேலை செய்தேன். முத்திரையும் வேலை செய்தது.

இவ்வளவு நேரம் டாக்டரையும் கமிட்டியையும் ஊரையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசினதில் ஒன்றையும் திரும்ப எடுக்க மாட்டேன். ஆனால் பிலோமினா ஏசினது ஒரே ஆளைத்தான்.

பிந்து, அவள் சொன்னபடி அந்தப் படத்தை நான் வைத்திருக்கிறேன். வேலையை விட்டபோது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நேற்று எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உன் கணக்கில் மூன்று மார்க், முழுசாக. எங்கள் காலத்தில் இது இல்லை என்று மட்டும் மலரில் எழுதிவிடாதே. இருந்தது. என் இழுப்பறையில் இருந்தது.